மே ஏழா, ஜூலை ஐந்தா

செல்விக் கண்ணு,

மதியம் இரண்டு மணி பதினேழு நிமிஷம். மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. என் மேஜையில் இருந்த டெஸ்ட் மெஷின் மட்டும் அன்றைக்கு 2000 ஜனவரி ஒன்று என்று காட்டிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அப்படி முன்னால் தள்ளி வைத்திருந்தோம், வருஷம் மாறும்போது பேங்க்கின் ப்ரோக்ராம்கள் நிற்குமா விழுமா என்று பார்ப்பதற்காக. போனில் லைப்ரரியிலிருந்து ஹெலன் பேசிக்கொண்டிருக்க, நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி சரியாக இருந்தது, தேதிதான் தப்பு. தேதி தப்பென்றால் இதுவும் நடக்கவில்லை என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன்.

ஹெலன் அழவில்லை. "செந்தில், செல்வி கீழ விழுந்துட்டா. ஆம்புலன்ஸ்ல கொண்டுபோயிருக்காங்க" என்றார். எந்த ஹாஸ்பிட்டல் என்று கேட்டேன். சொன்னார். இதோ கிளம்பிவிட்டேன் என்றேன். "அவசரப்படாம வாங்க" என்றார். அவசரப்படாமல் என்ற வார்த்தையில்தான் எனக்குப் புரிந்தது.

லைப்ரரி பேஸ்மென்ட்டில் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாயாம். தலை வலிக்கிறது என்றாயாம். அவர் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் மேஜையில் சாய்ந்துவிட்டாயாம். மூளையில் ரத்தக்குழாய், இருபத்தெட்டு வயசிலும் இப்படி நடக்கும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நான் தலையாட்டினேன். யாராவது படம் போட்டுக் காட்டினால் தலையாட்டுவதுதானே என் தொழில்.

தமிழ்ச் சங்கத்து மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று தடவை உட்கார்ந்தேன். 'அன்பானவர், பண்பானவர்' என்று வந்தது. படித்தால் நீயே சிரித்திருப்பாய். உன்னைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. உனக்கு எழுத வருகிறது. மற்றவர்கள் கூட இருந்து படித்துக்கொள்ளட்டும்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. உன்னைப் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமே வேலைக்குப் போய்விட்டேன். உன் டிரைவிங் லைசென்ஸ் ரோடு டெஸ்ட்டுக்குத் தேதி கொடுத்துக் கடிதம் வந்தது. அந்தத் தேதியில் காரை எடுத்துக்கொண்டு அந்த ஆபீஸ் வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். எதற்கென்று கேட்காதே, எனக்கும் தெரியாது. உங்கம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிறார்கள். "கடைசியா அவ உங்ககிட்ட என்னங்க மாப்பிள்ளை சொன்னா?" என்று கேட்டார்கள். அன்றைக்குக் காலையில் நீ சொன்னதைச் சொன்னேன். "பால் தீந்துருச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க." அத்தை அதை இரண்டு தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

சொல்ல வந்தது அதெல்லாம் இல்லை. உன் புத்தகத்தைப் பற்றித்தான்.

ஈரோட்டில் எம்.ஏ. ஹிஸ்டரி படித்தவளை, வேலை செய்யக்கூடாது என்று அச்சடித்த விசாவில் கூட்டி வந்து, நியூ ஜெர்சியில் இந்தச் சின்ன ஊரில் வைத்தேன். ஒரு தெரு, ஒரு சர்ச், ஒரு ஆறு. நான் காலையில் ரயிலேறி ஜெர்சி சிட்டிக்குப் போய்விடுவேன். மூன்று மாதம் ஜன்னலில் நின்றாய். நாலாவது மாதம் லைப்ரரிக்கு நடந்தாய். பேஸ்மென்ட்டில் ஊரின் வரலாற்றுச் சங்கம் இருந்தது. ஹெலனையும் சேர்த்து மொத்தம் எட்டுப் பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். இந்த ஊரில் முதல் முதலாகக் குடியேறிய மனிதர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடத் திட்டம். மில் முதலாளி, பாதிரியார், நீதிபதி, ராணுவ கேப்டன். அவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே படமும் வரலாறும் இருந்தன.

நீ போய் ஒரு கேள்வி கேட்டாயாம். ஹெலன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். "மில் முதலாளி இருந்தார்னா மாவு அரைச்சது யாரு?"

அப்படித்தான் இரண்டாம் பாகம் வந்தது. சர்ச் பதிவு, உயில், மருத்துவச்சியின் நாட்குறிப்பு, கல்லறைக் கல் என்று எல்லாவற்றையும் தோண்டி, ஆளுக்கு ஒரு கார்டு எழுதினாய். நானூற்றுப் பன்னிரண்டு கார்டு. பெயர், பிறந்த நாள், இறந்த நாள், செய்த தொழில். முன்பக்கம் இங்கிலீஷ். பின்பக்கம் உனக்காகப் பென்சிலில் தமிழ்.

சாப்பிடும்போது அவர்கள் கதைதான்.

"இன்னிக்கு நம்ம படகுக்காரர் ஜேக்கப் ஒரு கேசுல சாட்சி சொல்லியிருக்காருங்க."

"யாரு ஜேக்கப்?"

"போன வாரம் பூரா சொன்னேன்ல. ரெண்டாவது சம்சாரத்துக்குப் பயந்துக்கிட்டுப் படகுலயே படுத்துக்கறவரு."

"அதெல்லாமா எழுதி வெச்சிருக்காங்க?"

"எழுதல. எனக்குத் தெரியும்."

ஒரு தடவை நான் கிண்டல் பண்ணினேன். ஊர்க்கதை பேச அமெரிக்காவிலும் இடம் பிடித்துவிட்டாயே என்று. நீ தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாய்: "உயிரோட இருக்கறவங்க 'ஹாய்'னு சொல்லிட்டு நடையக் கட்டறாங்க. செத்தவங்கதானுங்க நின்னு பேசறாங்க." நான் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

கார்டுகளை நீ லைப்ரரி கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுத்தாய். அதை அச்சுக்குப் போகிற மாதிரி மாற்ற நான் ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம், இரண்டு மணி நேர வேலை. நீ எண்ணில் எழுதியிருந்த தேதிகளையெல்லாம் அது அழகாக எழுத்தில் மாற்றிக் கொடுத்தது. நீ அதைச் சரிபார்ப்பதற்குள் மார்ச் வந்துவிட்டது.

செப்டம்பரில் ஹெலன் கூப்பிட்டார். "செந்தில், ஒரு சின்னக் குழப்பம். ஜேக்கப் பிப்ரவரியில இறந்துட்டார்னு போட்டிருக்கு. ஆனா அதே வருஷம் ஜூன்ல கோர்ட்டுல சாட்சி சொல்றார்."

நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். கார்டை எடுத்துப் படிக்கச் சொன்னேன். ஜேக்கப்பின் கார்டில் நீ எழுதியிருந்தது 2/9. நம் ஊர் வழக்கப்படி நாள் முதலில், மாதம் அப்புறம். செப்டம்பர் இரண்டு. என் ப்ரோக்ராம் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படித்து, பிப்ரவரி ஒன்பது என்று மாற்றிவிட்டது. முதல் எண் பன்னிரண்டைத் தாண்டினால் மட்டும் அது தானாகவே திருப்பிப் போட்டுக்கொள்ளும். அந்த வரியை எழுதியபோது எனக்கு என் மேலேயே ஒரு பெருமை. அந்த வரிதான் பிழையை மறைத்தது. தாண்டாத தேதிகள் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன.

பகலெல்லாம் பேங்க்கில் ஊரார் தேதிகளைச் சரிபண்ணுகிறவன் நான். அதற்காகத்தான் என்னை இந்த நாட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

எல்லாவற்றையும் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முடியாது. சில கார்டுகளில் நீ இந்த ஊர் வழக்கப்படி மாதத்தை முதலில் எழுதியிருந்தாய். எது எப்படி என்று உனக்குத்தான் தெரியும்.

நீ என்னிடம் சொல்லியும் இருந்தாய். அதுதான் விஷயம், கண்ணு. மளிகை வாங்கப் போகும்போது, காரில். ரேடியோவில் எந்த ரோட்டில் நெரிசல் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"தேதியில ஒண்ணு சொல்லோணும், கேளுங்க" என்றாய்.

"சொல்லு, சொல்லு."

சொன்னாய். முழுசாகச் சொன்னாய். ஏதோ எண், ஏதோ மாதம், "அப்புறம்" என்ற வார்த்தை மட்டும் இப்போது ஞாபகம் இருக்கிறது.

"கேட்டீங்களா?"

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"என்ன சொன்னேன்?"

"தேதி."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "செரி, வுடுங்க." கோபமாகக்கூட இல்லை. அந்த நெரிசல் எந்த ரோட்டில் என்பது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அக்டோபரில் கமிட்டி கூடியது. வரலாற்றுச் சங்கத் தலைவர் மிஸ்டர் ஸ்டோவரை உனக்குத் தெரியும். ரிட்டயரான வக்கீல், முதல் பாகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிற மில் முதலாளி ஐசக் ஸ்டோவரின் வம்சம். அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "செல்விக்கு நம்ம தேதி முறை சரியாப் பிடிபடல போல. பாவம் அந்தப் பொண்ணு. இரண்டாம் பாகத்தை நிறுத்தி வெச்சுட்டு முதல் பாகத்தை மட்டும் அச்சுக்கு அனுப்பிடலாம்."

என் ப்ரோக்ராம்தான் தப்பு என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எட்டுப் பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் மேஜையில் இருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போன என் பொண்டாட்டி மேல் பழி விழுகிறது, நான் பிஸ்கட்டை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஹெலன்தான் விடவில்லை. "ஃபிலிஸ் என்ன ஆவா?" என்று கேட்டார்.

கார்டு எண் 198. நீ ஞாபகம் வைத்திருப்பாய். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டைனா என்ற பெண் ஐசக் ஸ்டோவர் வீட்டில் அடிமை. ஐசக்கின் அப்பா எழுதிய உயிலில், ஒரு பசுவுக்கும் ஒரு சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவில் அவள் பெயர் வருகிறது. அவளுடைய மகள் ஃபிலிஸ். ஃபிலிஸைப் பற்றி உனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி, மருத்துவச்சியின் நாட்குறிப்பிலிருந்து. பிறந்த நாள், அம்மா பெயர். அப்புறம் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. நீ எழுதியிருந்த தேதி 5/7/1804.

அந்த வருஷம் நியூ ஜெர்சியில் ஒரு சட்டம் வந்தது. ஜூலை நாலுக்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கிற குழந்தை அடிமை இல்லை. அதற்கு முன்னால் பிறந்த குழந்தை அடிமை. உன் எண்ணை ஒரு பக்கமிருந்து படித்தால் ஜூலை ஐந்து, இன்னொரு பக்கமிருந்து படித்தால் மே ஏழு. என் ப்ரோக்ராம் மே ஏழு என்று போட்டது. அதைப் பார்த்துக் கமிட்டியில் யாரோ பக்கத்தில் 'அடிமை' என்று சேர்த்துவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் ஒரு குழந்தையை அடிமையாக்கிவிட்டு, சாப்பிட வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மருத்துவச்சியின் நாட்குறிப்பைப் பார்க்கலாமே என்றால், அதை உனக்குப் பார்க்கக் கொடுத்த குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது சாமான்களோடு ஏலத்தில் விட்டுவிட்டது. யார் கையில் இருக்கிறதோ.

மிஸ்டர் ஸ்டோவர் கெட்டவர் இல்லை. யோசித்துத்தான் பேசினார். "நிஜமா இருந்தா, எங்க குடும்பத்தைப் பத்தி எதைப் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. 'இருக்கலாம்'னு போடறதுக்குத்தான் ஆட்சேபணை. இரண்டு வாரம் தர்றேன்."

இரண்டு வாரமும் சனி, ஞாயிறு கல்லறைத் தோட்டத்தில் இருந்தேன். என் கணக்கு இது. நீ கார்டுகளுக்கு எழுதிய வரிசையில் எண் போட்டிருந்தாய். ஏதோ ஒரு கார்டில் நீ இந்த ஊர் முறைக்கு மாறியிருக்க வேண்டும். நடுவில் ஒரு கார்டை எடுத்து, அந்த ஆளின் கல்லைத் தேடிப் போய் எழுத்தில் இருக்கிற தேதியைப் பார்ப்பது. நம் ஊர் முறை என்றால் மாற்றம் அதற்குப் பின்னால், இல்லையென்றால் முன்னால். ஒவ்வொரு கல்லுக்கும் பாதிக் கார்டுகள் விலகிவிடும். பத்துக் கல்லில் அந்தக் கார்டைப் பிடித்துவிடலாம். ப்ரோக்ராமில் நாங்கள் தேடுகிற வழி அதுதான்.

சாய்ந்த கற்கள், பாசி. எழுத்து மங்கிய இடத்தில் விரலை வைத்துத் தடவித் தடவிப் படித்தேன். புல் வெட்டுகிற ஆள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "உங்க ஆளுங்க யாராவது இங்க இருக்காங்களா?"

"என் மனைவிக்குத் தெரிஞ்சவங்க" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கல்லில் இருந்த வருஷத்தைப் பார்த்தான். மெஷினைக் கிளப்பிக்கொண்டு வேறு பக்கம் வெட்டப் போய்விட்டான்.

ஒன்பதாவது கல்லில் கிடைத்தது. இருநூற்று நாற்பதாவது கார்டு வாக்கில் நீ மாறியிருக்கிறாய். ஃபிலிஸ் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அப்படியென்றால் நாள் முதலில், ஜூலை ஐந்து. அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்து, பல மாதங்களுக்குப் பிறகு பசிக்கிறது என்று நினைத்தேன்.

எழுதியதைச் சோதிக்காமல் விடக்கூடாது என்பது தொழில் புத்தி. போகிற வழியில் நூற்று இருபதாவது கார்டுக்காரரின் கல் இருந்தது. தோல் செருப்புத் தைத்தவர். சும்மா பார்த்தேன். அமெரிக்க முறை. எண்பத்தேழு, அதுவும் அமெரிக்க முறை. தொண்ணூறு, நம் ஊர் முறை. முன்னூற்றைம்பதில் மறுபடியும் நம் ஊர்.

நீ ஒரு கார்டில் மாறிவிடவில்லை. போய்ப் போய் வந்திருக்கிறாய். ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. உங்கம்மாவிடம் போனில் பேசிவிட்டு வந்த அடுத்த நாளா? நான் லேட்டாக வந்த நாளா? பனி கொட்டி நீ வெளியே போக முடியாமல் உட்கார்ந்திருந்த வாரமா? காரில் நீ சொன்னது இதைத்தானா? எந்தக் கார்டுகள் எந்த மனநிலையில் எழுதியவை என்று ஒரு ஆள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயே. நானூற்றுப் பன்னிரண்டு தடவை நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எழுதியே வைத்திருக்கிறாய். ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை.

தோற்றுவிட்டேன் என்று ஹெலனிடம் சொல்லப் போனேன். டீ போட்டுக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, "கவுண்டி கோர்ட்டுக்குப் போனீங்களா இல்லையா? செல்வி ரொம்ப நாளாச் சொல்லிட்டு இருந்தாளே, செந்தில் ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போவார்னு" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் காலை வேளை ஞாபகம் வந்தது. நான் டை கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, ஒரு நாள் லீவு போடுங்க. கோர்ட்டுக்குப் போகோணும்."

"கோர்ட்டுக்கா? டைவர்ஸா?"

"அதுக்குன்னா நானே பஸ் புடிச்சுப் போயிருவேன். இதுக்கு நீங்க வரோணும். பழைய ரெஜிஸ்டர் ஒண்ணு பாக்கோணும். அது வார நாள்லதான் தொறப்பாங்களாம்."

"அடுத்த வாரம் பாக்கலாம்."

அந்த அடுத்த வாரம் எத்தனை தடவை வந்து போனது என்று எனக்கு எண்ணத் தெரியும். எண்ணவில்லை.

ஹெலன் விளக்கினார். அந்தச் சட்டப்படி, ஜூலை நாலுக்குப் பிறகு பிறந்த குழந்தைகளை அடிமையின் எஜமான் கவுண்டி ஆபீசில், நம் ஜில்லா ஆபீஸ் மாதிரி, எழுதிப் பதிய வேண்டும். முன்னால் பிறந்த குழந்தைகளுக்கு, இப்போது கோர்ட்டில் இருக்கிற அந்த ரெஜிஸ்டரில் இடமே கிடையாது. பேர் இருந்தால் ஃபிலிஸ் அடிமை இல்லை.

வியாழக்கிழமை லீவு போட்டேன். மேனேஜர், "இந்த நேரத்துலயா?" என்றார். வருஷக் கடைசி வருகிறதே, அதைத்தான் சொன்னார். ஆமாம், இந்த நேரத்தில்தான் என்றேன். வீட்டிலிருந்து கோர்ட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம், கண்ணு. நெரிசலே இல்லை.

மூன்றாவது மாடியில் ஒரு பெண் பெரிய ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து வைத்தாள். பென்சில் மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். எஜமான்களின் கையெழுத்து, குழந்தைகளின் பெயர். ஒற்றைப் பெயர்தான், அப்பா பெயர் எங்கேயும் இல்லை. முப்பதாவது பக்கம் தாண்டியும் ஸ்டோவர் வரவில்லை. இல்லாவிட்டால் என்ன எழுதுவது என்று யோசிக்க ஆரம்பித்தேன். நீயாக இருந்தால் யோசிக்காமல் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பாய் என்று தோன்றியது. புரட்டினேன்.

ஐசக் ஸ்டோவர் தன் கைப்பட எழுதியிருந்தார். என்னுடைய அடிமைப் பெண் டைனாவுக்கு ஜூலை மாதம் ஐந்தாம் நாள் ஃபிலிஸ் என்ற பெண் குழந்தை பிறந்ததென்று. எண்ணே இல்லை, எல்லாம் எழுத்தில். எந்த ஊர்க்காரன் படித்தாலும் ஒரே நாள்.

உன்னிடம் சொல்லத் திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் என் கோட்டு இருந்தது.

ஒரே ஒரு நாள் வித்தியாசம், செல்வி. சுதந்திரமாகப் பிறந்துவிட்டாள். ஆனாலும் அதே சட்டப்படி இருபத்தொரு வயசு வரை ஸ்டோவர் வீட்டில்தான் வேலை செய்ய வேண்டும். "இதுக்குப் பேரு சுதந்திரமாக்கும்" என்று நீ கேட்டிருப்பாய். நான் பதில் தெரியாமல் முழித்திருப்பேன். அந்தக் கேள்வியை நீ கேட்டு நான் முழிக்கிற சாப்பாட்டு வேளைக்காக என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அன்றைக்குச் சாயங்காலமே கமிட்டி. ஜெராக்ஸ் காப்பியை மிஸ்டர் ஸ்டோவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். "எங்க முன்னோர் கையெழுத்து இவ்வளவு மோசமா இருக்கும்னு தெரியாது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதை அவர் மறைக்காம எழுதியிருக்கார். நானும் போட்டுத்தான் ஆகணும்" என்றார்.

முன்னுரையில் ஒரு வரி சேர்த்து வைத்திருந்தார். சில தேதிகளில் தொகுத்தவரின் பிழை இருக்கலாம் என்று. அதை எடுக்கச் சொன்னேன்.

"தொகுத்தவங்க பிழை இல்ல சார். அவ எழுதினது சரி. எழுதினதைத் திருப்பினது என் ப்ரோக்ராம். எப்படிப் படிக்கணும்னு அவ எங்கிட்டச் சொன்னா. நான் கேக்கல."

"போன மீட்டிங்லயே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

ஹெலன் மேஜைக்கு அடியில் என் முட்டியை ஒரு தடவை தட்டினார். அவருக்கு முன்பே தெரியுமோ என்னவோ. மிஸ்டர் ஸ்டோவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். சொன்னேன். அந்த இடத்தில் இப்போது, தேதிகளை மாற்றி ஏற்றியதில் பிழை செய்தவன் என்று என் பெயர் இருக்கிறது. அட்டையில் உன் பெயர் இருக்கிறது, முதல் பாகத்தைத் தொகுத்தவர்களுக்குச் சமமாக, அதே அளவு எழுத்தில்.

இன்னும் முடியவில்லை. கல் இருந்தவர்களையெல்லாம் பார்த்துவிட்டேன். கல் இல்லாதவர்கள் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். துணி வெளுத்தவள், கூலிக்கு மரம் அறுத்தவன், ஊர் எல்லையில் தனியாக இருந்த கிழவர். அச்சுக்காரரிடம் பேசி ஜனவரி வரை நேரம் வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் லீவு போட்டுவிட்டு இங்கே வந்துவிடுகிறேன். இப்போது இதை எழுதுவதும் அந்த மூன்றாவது மாடியில்தான், பென்சிலில். கார்டுகளின் பின்பக்கத்தில் நீ தமிழில் எழுதியிருக்கிறதை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். வெளுத்தவளின் கார்டில், 'இவ யார்கிட்டயும் பேசினதா எங்கயும் இல்ல' என்று எழுதியிருக்கிறாய். யாரை நினைத்துக்கொண்டு எழுதினாய்?

உனக்கு ஒன்று சொல்கிறேன், நம்பு. அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவரையும் 'இருக்கலாம்' என்று விடமாட்டேன். எங்கேயாவது யாராவது எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அது கிடைக்கிறவரை வியாழக்கிழமைகள் உன்னுடையவை. நீ கேட்ட ஒரு நாளைத் தராமல் போனவன் என்பது மாறாது, தெரியும்.

ஆபீசிலிருந்து காலையிலிருந்து மூன்று தடவை போன் அடித்துவிட்டார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கார்டு எண் 203-ஐ எடுத்து வைத்திருக்கிறேன். போனை அணைத்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
செந்தில்